லைவ் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்

கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா என்று எதுவானாலும் "லைவ் உண்டா?" என்று கேட்பது கடலூர், புதுச்சேரி பக்கம் வழக்கமாகிவிட்டது. பாரீஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும். ஒரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி மூன்று மணி நேரம் அனுப்பினால் பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மண்டபம் முழுக்கத் தெரிகிற ஒரு படம், மணமக்கள் முகம் தெரிகிற ஒரு படம், ஹோமகுண்டத்துக்கு அருகிலிருந்து ஒரு படம் என மாறி மாறி வந்தால்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள். இரண்டு மூன்று கேமராவை ஒன்றாக இணைத்து, தேவைப்படும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அதை அப்படியே இணையத்துக்கு அனுப்புவதுதான் மல்டி-கேம் லைவ்.

பணம் அளவாக இருக்கும்போது எந்தக் கேமரா வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காரணம், கடையில் கேமராவைக் காட்டும்போது சொல்லப்படுகிற மெகாபிக்சல், 4கே, ஸ்லோ மோஷன் போன்றவற்றில் பெரும்பாலானவை லைவுக்கு உதவாது. லைவில் கேமராவின் வேலை படம் பிடித்துச் சேமிப்பது இல்லை. மணிக்கணக்கில் நிற்காமல், சூடேறி அணையாமல், கேபிள் வழியாகப் படத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அது முடியுமா என்பது பெரும்பாலும் கேமராவின் பின்னாலும் பக்கவாட்டிலும் இருக்கிற துளைகளிலும் மெனுவிலும்தான் தெரியும்.

படம் போகும் பாதை

கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் ஸ்விட்சருக்குப் போகிறது. நம் ஊரில் இதை மிக்சர் என்றும் சொல்வார்கள். ஸ்விட்சரில் எந்தப் பட்டனை அழுத்துகிறீர்களோ அந்தக் கேமராவின் படம் வெளியே வரும். அங்கிருந்து லேப்டாப் அல்லது ஸ்விட்சருக்குள்ளேயே இருக்கும் என்கோடர் (படத்தைச் சுருக்கி இணையத்துக்கு ஏற்றதாக்கும் பகுதி) வழியாக யூடியூபுக்குப் போகும். குறைந்த செலவில் தொடங்குகிறவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். ஒன்று, பிளாக்மேஜிக் ஏடெம் மினி போன்ற நான்கு எச்டிஎம்ஐ துளை உள்ள சிறிய ஸ்விட்சர். மற்றொன்று, ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கேப்சர் கார்டு (எச்டிஎம்ஐ படத்தை யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குத் தரும் சிறு கருவி) போட்டு லேப்டாப்பில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளில் மாற்றுவது. கையில் ஏற்கெனவே நல்ல லேப்டாப் இருந்தால் இரண்டாவது வழி மலிவு. இருந்தாலும் முகூர்த்த நேரத்தில் லேப்டாப் தொங்கிவிட்டால் எல்லாமே போய்விடும் என்பதால், காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு ஸ்விட்சர்தான் பாதுகாப்பு.

இந்த வகைச் சிறிய ஸ்விட்சர்கள் வெளியே தருவது 1080பி, அதாவது ஃபுல் எச்டி படம்தான். ஆகவே கடைக்காரர் 4கே பற்றிப் பேச ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுவிட்டு, எச்டிஎம்ஐ துளை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சுத்தமான வெளியீடு

எச்டிஎம்ஐ துளை இருந்தால் மட்டும் போதாது. கேமராவின் திரையில் தெரிகிற பேட்டரி குறியீடு, ஃபோகஸ் கட்டம், ஷட்டர் எண்கள் எல்லாம் கேபிள் வழியாகவும் வந்தால், மணமகள் நெற்றியில் பச்சைக் கட்டத்தோடு லைவ் போகும். இந்த எழுத்துகள் இல்லாமல் வெறும் படம் மட்டும் வருவதைக் கிளீன் எச்டிஎம்ஐ என்பார்கள். கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்கள் பல வீடுகளில் இருக்கின்றன. புகைப்படத்துக்கு நல்ல கேமராக்கள்தான், ஆனால் இந்த ரகத்தில் பலவற்றில் இந்த வசதி கிடையாது. சோனி ஏ6000, இசட்வி-இ10 போன்ற, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் எச்டிஎம்ஐ தகவல் காட்சியை மெனுவில் அணைத்தால் சுத்தமான படம் வரும்.

இதைப் பட்டியலில் படித்து நம்புவதைவிடக் கடையிலேயே சோதிப்பது நல்லது. கேமராவுக்குப் பொருந்தும் கேபிளைக் கையோடு கொண்டு போங்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியில் செருகச் சொல்லுங்கள். கேமராவை வீடியோ நிலைக்கு மாற்றி, மெனுவில் எச்டிஎம்ஐ தகவலை அணைத்துவிட்டு, டிவியை மட்டும் பாருங்கள். எழுத்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா? படம் திரை முழுக்க நிறைகிறதா, அல்லது நான்கு பக்கமும் கறுப்புக் கரை விழுகிறதா? ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் கட்டம் எட்டிப் பார்க்கிறதா? பிறகு அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் படம் இருக்க வேண்டும்.

அரை மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய புகைப்படக் கேமராக்கள் பலவற்றில் வீடியோ பதிவு 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பாவில் வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் இறக்குமதி வரி போட்டார்கள். அதிலிருந்து தப்பிக்க நிறுவனங்கள் வைத்த வரம்பு அது. பதிவுப் பட்டனை அழுத்தாமல் எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை மட்டும் அனுப்பினால் இந்த வரம்பு பொதுவாகப் பாதிக்காது. ஆனால் பயன்பாடு இல்லை என்று நினைத்துத் தானாக அணையும் அமைப்பு தனியாக இருக்கும். அதை மெனுவில் அணைக்க முடியாத கேமரா லைவுக்கு உதவாது.

எச்டிஎம்ஐ துளையின் அளவையும் கவனியுங்கள். டிவியில் இருப்பது போன்ற முழு அளவுத் துளை உறுதியானது. மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோ. விரல் நகத்தின் பாதி அகலம்கூட இருக்காது. கனமான கேபிள் தொங்கிக்கொண்டிருக்க, யாராவது ஒரு மாமா காலில் அதை இழுத்துவிட்டால், துளை உள்ளேயே உடைந்து மதர்போர்டோடு சேர்ந்து போய்விடும். மைக்ரோ துளை உள்ள கேமரா வாங்கினால், கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் உள்ள கேஜையும் (கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டம்) அதே பில்லில் சேர்த்துவிடுங்கள். அதுவரை, துளையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கேபிளை ஸ்டாண்டின் காலோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். இழுபட்டால் ஸ்டாண்ட் ஆடும், துளை தப்பும்.

மின்சாரம்

மிரர்லெஸ் கேமராவின் பேட்டரி தொடர்ச்சியான வீடியோவுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. நடுவில் மாற்றினால் அந்தக் கேமராவின் படம் கறுப்பாகும். டம்மி பேட்டரி என்று ஒன்று விற்கிறார்கள். பேட்டரி வடிவத்தில் இருக்கும், அதிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து அடாப்டரோடு இணையும். மலிவு அடாப்டர்களில் மின்னழுத்தம் நிலையாக இருக்காது. ஆட்டோஃபோகஸ் மோட்டார் ஓடும்போது தேவை கூடினால் கேமரா திடீரென அணைந்து எழும். வாங்கியதும் வீட்டில் மூன்று மணி நேரம் ஃபோகஸ் ஓடவிட்டுச் சோதியுங்கள்.

இசட்வி-இ10 போன்றவை யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இயங்கும். உள்ளே பேட்டரியும் இருக்கும் என்பதால் பவர்பேங்க் தீர்ந்தாலும் படம் போகாது. சில பழைய கேமராக்களில் யூஎஸ்பி செருகினால் அணைந்த நிலையில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். இரண்டும் வேறு என்பதைக் கடையில் ஆன் செய்து பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மண்டபத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்க ஐந்து, பத்து வினாடி ஆகும். அந்த இடைவெளியில் டம்மி பேட்டரிக் கேமரா, ஸ்விட்சர், ரூட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். அவை எழுந்து மீண்டும் யூடியூபோடு இணைவதற்குள் மாங்கல்யதாரணம் முடிந்துவிடலாம். கம்ப்யூட்டருக்குப் போடும் சிறிய யூபிஎஸ் ஒன்று இந்த மூன்றையும் தாங்கும். கேமராவுக்கு ஒதுக்கிய தொகையில் இதற்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றாமலேயே அடாப்டர் செருக முடிகிற கேம்கார்டர்களுக்கு (வீடியோவுக்கென்றே செய்த கேமராக்கள்) இந்தக் கவலை இல்லை. கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், வந்தால் அடாப்டர் தாங்கும்.

எவ்வளவு தூரம், எவ்வளவு ஜூம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். புகைப்படக்காரர் மேடைக்கு அருகில் போய் எடுக்கலாம். லைவ் கேமரா ஒரு முறை ஸ்டாண்ட் போட்டால் போட்டதுதான். மேடையை மறைக்காமல் நிறுத்த வேண்டும் என்றால், நாற்காலி வரிசைகளுக்குப் பின்னே 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டிவரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் எந்த லென்ஸ் போதும் என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும். லென்ஸின் மில்லிமீட்டர் அளவை முழு ஃபிரேம் கணக்குக்கு, அதாவது 36 மில்லிமீட்டர் அகல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள கேமராவின் கணக்குக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள சோனி ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 1.5ஆல் பெருக்க வேண்டும், கேனானுக்கு 1.6. பிறகு 36ஐ மீட்டர் தூரத்தால் பெருக்கி, அந்த மில்லிமீட்டரால் வகுத்தால், படத்தில் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று கிடைக்கும். ஒருவர் இடுப்பு வரை திரையில் நிறையத் தெரிய வேண்டுமானால் அகலம் ஏறக்குறைய 1.6 மீட்டராக இருக்க வேண்டும்.

கேமராவோடு வரும் 16-50 லென்ஸை எடுத்துக்கொள்வோம். முழு ஜூமில் 50ஐ 1.5ஆல் பெருக்கினால் 75. தூரம் 15 மீட்டர். 36 பெருக்கல் 15 வகுத்தல் 75, அதாவது 7.2 மீட்டர். மேடை முழுக்கத் தெரியும், முகம் தெரியாது. 55-210 லென்ஸ் போட்டால் 315 மில்லிமீட்டர் கணக்கு, 1.7 மீட்டர் வரும். அது போதும். சோனி எச்எக்ஸ்ஆர்-என்எக்ஸ்100 போன்ற ஒரு அங்குல சென்சார் கேம்கார்டரில் 12 மடங்கு ஜூம் 348 மில்லிமீட்டருக்கு இணை. 1.55 மீட்டர் வரும்.

அப்படியானால் பெரிய சென்சார் உள்ள மிரர்லெஸ்ஸே மேல் என்று தோன்றும். ஆனால் முழு ஜூமில் அந்த 55-210 லென்ஸின் துவாரம் எஃப்6.3 (எண் கூடினால் துவாரம் சிறிது, வெளிச்சம் குறைவு). கேம்கார்டரின் துவாரம் அதே இடத்தில் எஃப்4.5, அதாவது இரு மடங்கு வெளிச்சம். ஏபிஎஸ்-சி சென்சார் பரப்பில் மூன்று மடங்கு பெரிதாக இருந்தாலும், பாதி வெளிச்சம் லென்ஸிலேயே போய்விடுவதால் கடைசியில் மிஞ்சும் ஆதாயம் ஒன்றரை மடங்குதான். அதற்கு ஈடாக நீங்கள் இழப்பது நிறைய. புகைப்பட லென்ஸைக் கையால் திருப்பி ஜூம் செய்தால் படம் குலுங்கும். திருப்பத் திருப்ப ஃபோகஸும் நகரும். கேம்கார்டரில் ஒரு விரலால் ராக்கர் என்ற ஜூம் பட்டனை அழுத்தினால் எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போகும். தூரத்தில் நிற்கிற முதல் கேமராவுக்குச் செகண்ட் ஹேண்ட் கேம்கார்டரைத்தான் பரிந்துரைப்போம்.

நம் ஊர்க் கல்யாணங்களில் வருடக்கணக்காகத் தோளில் ஏறிய சோனி எச்எக்ஸ்ஆர்-எம்சி2500 போன்ற பெரிய கேமராக்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் வருகின்றன. அவற்றின் சென்சார் கால் அங்குலம்தான். ஃபோகஸ் லைட் போட்ட மண்டப மேடைக்கு அது போதும். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் போன்ற பழைய கோயிலின் உள்பிரகாரத்தில் இரவு தீபாராதனைக்குக் கொண்டு போனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நுரைக்கும். அங்கே எஃப்1.8 லென்ஸ் போட்ட மிரர்லெஸ்ஸைக் கிட்டத்தில் நிறுத்துவதுதான் வழி. ஆகவே "எது நல்ல கேமரா" என்று கேட்பதற்கு முன், எங்கே நிறுத்தப் போகிறீர்கள், அங்கே என்ன வெளிச்சம் என்று சொல்லுங்கள்.

ஒரே குடும்பத்துக் கேமராக்கள்

மூன்று கேமரா, மூன்று நிறுவனம் என்றால் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகும், அடுத்த அழுத்தலில் கத்தரிப்பூ நிறமாகும். ஒவ்வொரு நிறுவனமும் தோல் நிறத்தையும் சிவப்பையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஒரு புதிய விலையுயர்ந்த கேமராவும் ஒரு பழைய வேறு கேமராவும் வைத்திருப்பதைவிட, ஒரே மாடலில் இரண்டு செகண்ட் ஹேண்ட் கேமரா வைத்திருப்பது லைவில் நன்றாகத் தெரியும். அது முடியாவிட்டால் ஒரே நிறுவனமாவது இருக்கட்டும்.

எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவே கூடாது. சீரியல் செட் நிறம் மாற மாற ஒவ்வொரு கேமராவும் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். மேடை விளக்குகளை எல்லாம் போட்ட பிறகு, ஒரே அட்டையை மேடையில் பிடித்து எல்லாக் கேமராவிலும் கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுங்கள். அவசரத்துக்கு யாருடைய வேட்டியையாவது காட்டுவது வழக்கம். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் நீலச் சாயல் இருக்கும். கேமரா அதை ஈடுகட்டப் போய் எல்லோர் முகமும் மஞ்சள் பூசியதுபோல வரும். ஏ4 தாளிலும் இதே பிரச்சினை உண்டு. புகைப்படக் கடையில் கிடைக்கும் சாம்பல் அட்டை ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மலிவுதான்.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமராவை 'பால்' (PAL) முறையில், அதாவது 25 அல்லது 50 ஃபிரேமில், வைத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் துடிப்பு தெரியாது. 30 அல்லது 60இல் வைத்துக்கொண்டு ஷட்டரை 1/60இல் விட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஏறி இறங்கும். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேமராவில் இந்தச் சிக்கல் குறைவு, அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவிலிருந்து வந்த வீட்டு உபயோகக் கேம்கார்டர்களில் பல 60இலேயே பூட்டப்பட்டவை, மாற்றவே முடியாது. வாங்கும் முன் மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC, அதாவது 30 அல்லது 60 ஃபிரேம்) என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சோனியில் இதை மாற்றினால் மெமரி கார்டை மீண்டும் ஃபார்மட் செய்யச் சொல்லும், ஆகவே அந்த வேலையை மண்டபத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய கேம்கார்டர்கள் 1080i50 என்ற இண்டர்லேஸ் முறையில் (ஒரு விட்டு ஒரு கோடாக, இரண்டு பாதியாக) படம் அனுப்பும். ஏடெம் மினி அதை வாங்கிச் சரிசெய்துகொள்ளும். மலிவு கேப்சர் கார்டுகளில் கை அசையும்போது ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் வரலாம். ஓபிஎஸ்ஸில் அந்தக் கேமராவின் மேல் வலது கிளிக் செய்து டீஇண்டர்லேஸைப் போட்டால் போய்விடும்.

கேப்சர் கார்டு, செல்போன், மற்றவை

சில நூறு ரூபாயில் கிடைக்கும் பென் டிரைவ் அளவு கேப்சர் கார்டுகளின் பெட்டியில் யூஎஸ்பி 3.0 என்று எழுதியிருக்கும், செருகும் முனையும் நீலமாக இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 சில்லுதான். 1080பியில் 30 ஃபிரேமுக்கு மேல் தராது, அதுவும் படத்தை நசுக்கித்தான் தரும். தொடக்கத்துக்குப் பரவாயில்லை. இரண்டு ஒரே மாதிரி கார்டு போட்டால் லேப்டாப் இரண்டையும் ஒரே பெயரில் காட்டிக் குழப்பும், சில நேரம் ஒன்று திறக்காது. தனித்தனி யூஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள், ஒரே ஹப்பில் இரண்டையும் போடாதீர்கள். கேமரா 25இலோ 50இலோ இருந்தால் ஓபிஎஸ்ஸில் கார்டின் ஃபிரேம் ரேட்டையும் 25 ஆக்குங்கள். இல்லையென்றால் கேமரா திரும்பும்போது படம் தத்தித் தத்தி நகரும்.

மூன்றாவது கேமராவாகப் பழைய செல்போனைச் சேர்க்கலாம். மண்டபம் முழுக்கத் தெரியும் அகலப் படத்துக்கு அது போதும். சிம்மைக் கழற்றி, ஏரோபிளேன் நிலையில் போட்டு, கவரைக் கழற்றிவிட்டு, ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். மண்டப வைஃபையில் படத்தை அனுப்பும் ஆப்கள் வீட்டில் அழகாக வேலை செய்யும். ஐநூறு பேரின் செல்போன் அதே காற்றில் இருக்கும்போது முகூர்த்த நேரத்தில் படம் உறைந்துவிடும், ஆகவே கேபிள்தான் நம்பகம். வெப்கேம் மேசைக்கு அருகில் நல்லது, ஆனால் சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகாது. சிசிடிவி ஐபி கேமராவைச் சேர்க்கிறவர்களும் உண்டு. படம் அரை வினாடி, ஒரு வினாடி தாமதமாக வரும் என்பதால் பேச்சுக்கோ மேளத்துக்கோ அது உதவாது, கூட்டத்தைக் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரிமோட்டில் திருப்பி ஜூம் செய்கிற பிடிஇசட் கேமராக்கள் நல்லவை, ஆனால் பட்ஜெட் என்று தொடங்கிய பேச்சு அங்கே முடிந்துவிடும்.

கேபிள் நீளம் கேமராவை முடிவு செய்யும்

சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 1080பிக்கு 10 மீட்டர் வரை நம்பலாம், 15 மீட்டர் என்பது அதிர்ஷ்டம். அதற்கு மேல் படம் மின்னி மின்னி மறையும். மஞ்சக்குப்பம் பக்கத்து மண்டபங்களில் ஸ்விட்சரை மேடைக்குப் பக்கத்து அறையில் வைத்து, முதல் கேமராவைப் பின்னால் நிறுத்தினால், சுவரோரமாகச் சுற்றிவரும்போது 30 மீட்டர் எளிதாக ஆகும். இதற்கு எஸ்டிஐ என்ற வேறு வழி இருக்கிறது. கேபிள் டிவி ரகத்து 75 ஓம் ஆர்ஜி-6 கோஆக்சியல் கேபிளில் 1080பி படம் சுமார் 70 மீட்டர் வரை சிரமமில்லாமல் போகும். பிஎன்சி இணைப்பு திருகிப் பூட்டிக்கொள்வதால் காலில் இடறினாலும் கழலாது. கேமராவில் எஸ்டிஐ இல்லாவிட்டால் இரு முனையிலும் மாற்றிப் பெட்டி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். கேமராவிலேயே எஸ்டிஐ இருந்தால் கேமரா பக்கத்துப் பெட்டி மிச்சம். கேம்கார்டர் விலையை ஒப்பிடும்போது இந்தப் பெட்டியின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் இன்னொரு வழி. மெல்லியது, நீளமாகப் போகும், ஆனால் நாற்காலிக் கால் ஒரு முறை ஏறினால் முடிந்தது.

வயரில்லாமல் அனுப்பும் கருவிகளைக் கூட்டத்தில் நம்ப வேண்டாம். மனித உடல் பெரும்பாலும் தண்ணீர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நன்றாகவே விழுங்கும். காலியான மண்டபத்தில் சோதித்தபோது ஓடியது, ஆட்கள் நிறைந்ததும் நின்றுவிடும்.

ஒலி ஒத்துப்போவது

ஒவ்வொரு கேமராவும் படத்தை வெளியே தள்ள ஒன்றிரண்டு ஃபிரேம் எடுத்துக்கொள்ளும், ஸ்விட்சர் இன்னும் ஒன்று எடுக்கும். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிவினாடி. மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து நேராக வரும் ஒலிக்குத் தாமதமே இல்லை. ஆகவே ஒலி முந்திவிடும். நாதஸ்வரத்தில் இது தெரியாது, தவிலில் பட்டவர்த்தனமாகத் தெரியும். குச்சி தோலில் படுவதற்கு முன்பே சத்தம் கேட்கும். மேடையில் ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து பார்த்து, ஒலிக்கு 80 மில்லிவினாடியில் தொடங்கித் தாமதம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ஒரே மாடல் கேமராக்கள் என்றால் ஒரு முறை சரிசெய்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேறு வேறு கேமரா என்றால் ஒன்றுக்குச் சரியானது மற்றொன்றுக்குத் தப்பும். ஒரே மாடல் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்கரையில்

வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ மாசி மகத் தீர்த்தவாரியை லைவ் செய்வது வேறு வகை வேலை. காலை வெயிலில் சிறிய மிரர்லெஸ் உடல் சூடேறி அணைந்துவிடும். கேம்கார்டர் உடலில் காற்றோட்டம் கூடுதல், தாங்கும். திரையை மடக்காமல் உடலிலிருந்து விலக்கி வைத்தாலே மிரர்லெஸ் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், மேலே ஒரு குடை கட்டாயம். உப்புக் காற்று லென்ஸில் ஒரு படலமாகப் படியும். முன்னால் ஒரு யூவி ஃபில்டர் போட்டு, அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பிறகு உலர்துணியால் துடையுங்கள். உலர்ந்த உப்பை நேரே தேய்த்தால் கோடு விழும். ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ் வியர்க்கும், அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் சோதனை

நம் கடலோர ஊர்களில் பழைய கேமரா வாங்கும்போது முதலில் தேட வேண்டியது ஃபங்கஸ். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும். பிரிக்க முடியாத கேம்கார்டர் லென்ஸில் அதைச் சுத்தம் செய்யும் செலவு கேமராவின் விலையைத் தொட்டுவிடும்.

பிறகு எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் இணைத்துவிட்டு, கேமரா முனையை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். படம் விட்டு விட்டு வந்தால் துளை தளர்ந்திருக்கிறது. லென்ஸை மூடி, கெய்னை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பை) உச்சத்துக்கு ஏற்றி டிவியில் பாருங்கள். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் சென்சாரில் பழுதானவை. ஜூமை முழுக்க உள்ளே இழுத்து ஒரு எழுத்தை ஃபோகஸ் செய்து, அப்படியே வெளியே விடுங்கள். எழுத்து மங்காமல் இருக்க வேண்டும். தொழில்முறைக் கேம்கார்டர்களில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது மெனுவில் இருக்கும், விற்பவர் சொல்லும் வருடத்தோடு ஒப்பிடுங்கள்.

கையில் இருக்கும் தொகை ஒரு கேம்கார்டருக்கு மட்டும்தான் போதும் என்றால் அதை வாங்கி, அதோடு குலுங்காமல் வழுக்கித் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் உள்ள ஸ்டாண்ட் வாங்குங்கள். புகைப்பட ஸ்டாண்டில் கேமராவைத் திருப்பினால் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வெட்டு விழும், முழு ஜூமில் அது பூகம்பம்போலத் தெரியும். இரண்டாவது கேமராவை அடுத்த ஐந்தாறு வேலைகளுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். இருக்கிற செல்போன் மூன்றாவது. அந்த வாடகைக் கேமரா எந்த மாடல் என்று குறித்து வையுங்கள், முதல் கேமராவோடு நிறம் ஒத்துப்போனால் அதையே தேடி வாங்கலாம்.

வாங்கியதைத் தோல் பையிலோ துணி பீரோவிலோ பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், குறைந்த சூட்டில் காயவைத்தால் திரும்ப நீலமாகும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை கேமராவை வெளியே எடுத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.